ஏழு மணி இரைச்சல்

உழவர்கரையில் நான் குடியிருந்த மாடி வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் ரேடியோகூட இருந்ததில்லை. கல்லூரியில் இயற்பியல் லேபில் உதவியாளர் வேலை. நாள் முழுக்க மாணவர்களின் பேச்சு. வீட்டுக்கு வந்தால் சும்மா இருந்தால் போதும் என்றிருக்கும். டவுனில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குப் போனபோது அது மாறியது. அவர்கள் விற்ற சாமான்களில் ஒரு ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு எல்லாம் இருந்தன. மொத்தமாக வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். ஆம்ப்ளிஃபயரை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவர் கீழே குடியிருந்த வீட்டு ஓனர். மில்லை மூடும்வரை தறியில் வேலை பார்த்தவர். உள்ளே அம்மிக்கல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

டிவியின் சத்தமும் அதே ஸ்பீக்கரில் வரட்டும் என்று கேபிள் பெட்டியிலிருந்து ஒரு வயரை ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். முதல் வாரம் பாட்டு நன்றாகவே கேட்டது. அடுத்த திங்கட்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தட்டைப் போட்டபோது, பாட்டுக்கு அடியில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். ஊசியைத் தூக்கினேன், நிற்கவில்லை. பாட்டே இல்லாமல் அது மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது.

பழைய பெட்டி, உள்ளே ஏதோ போய்விட்டது என்று நினைத்து டவுனில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கடையில் அந்த இரைச்சல் வாயே திறக்கவில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கோளாறு பெட்டியில் இல்லை, உங்கள் வீட்டில்தான் என்றார். பிளக்கின் மூன்றாவது பின்னை, அந்தப் பெரிய எர்த் பின்னை, கழற்றிவிட்டு ஓட்டினால் போய்விடும் என்றும் சொன்னார்.

அதைச் செய்யக் கூடாது என்று வருஷா வருஷம் லேபில் மாணவர்களுக்குச் சொல்கிறவள் நான். ஆனாலும் இரண்டு பின் பிளக் ஒன்று வாங்கி மாட்டினேன். இரைச்சல் நின்றது. நான்கு நாள் அப்படியே பாட்டுக் கேட்டேன்.

அந்த நாட்களில்தான் ஓனரின் மனைவி ஒரு தடவை படிக்கட்டில் நிறுத்திப் பேசினார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கொஞ்ச நாளாகக் குளிக்கும்போது குழாயைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று குத்துகிறதாம், முழங்கைவரை ஏறுகிறதாம். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, சர்க்கரை இருக்கிறவர்களுக்கு நரம்பு அப்படித்தான் இழுக்கும் என்றாராம். டாக்டரிடம் கூட்டிப்போனார். காலில் மரப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டரும் நரம்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் சர்க்கரையால் இருக்கும் அக்கா, மாத்திரையை விடாமல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஐந்தாம் நாள் மனசு கேட்கவில்லை. பழைய பிளக்கையே மாட்டினேன். இரைச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை லேபில் செய்வதுபோல ஒழுங்காகத் தேடுவது என்று உட்கார்ந்தேன். ரெக்கார்டு பிளேயரின் வயரை உருவினேன், மாற்றமில்லை. ஸ்பீக்கரை மாற்றிப் போட்டேன், அதுவும் இல்லை. இரைச்சல் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். காலையில் ஏழு மணிக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குள் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பது மணிக்கு மேல். மற்ற நேரத்தில் காதை ஸ்பீக்கரில் வைத்தாலும் ஒன்றுமில்லை. நேரம் பார்த்து வருகிறது என்றால் யாரோ ஒரு சுவிட்சைப் போடுகிறார்கள். அதுவரைக்கும் புரிந்தது. எந்த சுவிட்ச் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கு முன்பே லேபிலிருந்து வோல்ட் அளக்கும் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அன்று ஒன்பதரைக்கு இரைச்சல் தொடங்கியது. கேபிள் டிவி வயரை அதன் பெட்டியிலிருந்து திருகிக் கழற்றினேன். உடனே நின்றது. அந்த வயரின் நுனி வலது கையில் இருக்க, இடது கை தற்செயலாக ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பில் பட்டது. சுருக்கென்று குத்தி முழங்கைவரை ஏறியது.

வயரைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மீட்டரின் ஒரு முனையை வயரின் வெளிப்புற உலோகத்திலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயர் உடம்பிலும் வைத்தேன். எண்பது வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே டக்கென்று ஒரு சுவிட்ச் சத்தம். எண் விழுந்து ஒன்றிரண்டில் நின்றது.

ஜன்னல் வழியாக, இப்போது எதை அணைத்தீர்கள் என்று கேட்டேன். கீசர் என்று ஓனர் பதில் சொன்னார். தயவுசெய்து மறுபடி போடச் சொன்னேன். போட்டார். எண் ஏறியது.

"அக்கா எங்க?"

"உள்ள குளிக்குது."

"குழாயத் தொடாம வெளிய வரச் சொல்லுங்க. கீசர அணைங்க. மெயினயும் அணைச்சிடுங்க."

நான் கீழே இறங்கியபோது அக்கா தலையில் சீயக்காயோடு, மேலே ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார். தண்ணீர் தரையில் சொட்டியது. ஓனர் மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார். மழைக்காலத்தில் மனைவிக்கு மூட்டு வலி அதிகமானதால் அந்தக் கீசரை வாங்கி மாட்டியதே அவர்தான். அவர் பின்பக்கத் தொட்டியடியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர். குளியலறை இரும்புக் குழாயை ஈரக் கையால் தினமும் தொட்டது அந்த வீட்டில் அக்கா ஒருவர்தான். மாடியில் எனக்கு எல்லாம் பிளாஸ்டிக் குழாய்.

தெருமுனைக் கடை எலக்ட்ரீஷியன் வந்து கீசரைத் திறந்தார். உள்ளே சூடாகும் கம்பி வெடித்திருந்தது. அதில் கசிகிற மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். பின்பக்கம் வண்டி நிறுத்தச் சிமெண்ட் போட்டபோது அந்த இணைப்பை உள்ளே வைத்துப் பூசிவிட்டார்கள். உடைத்துப் பார்த்தால் துருப்பிடித்து எலக்ட்ரீஷியன் கையோடு வந்தது. மண்ணுக்கு வழியில்லாத மின்சாரம் வீடு முழுக்க இருந்த எர்த் கம்பியில் ஏறி, என் ஆம்ப்ளிஃபயருக்கு வந்து, கேபிள் வயரைப் பிடித்துத் தெருவுக்குப் போயிருக்கிறது. போகிற வழியில் ஸ்பீக்கரில் இரைந்திருக்கிறது. கீழே குழாயிலும் ஏறியிருக்கிறது.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லையா?" என்றார்.

"கைக்கு ஒண்ணுமில்ல."

ஓனர் வாசலுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் குழாயும் ரம்பமும் வாங்கி வந்து, பிளம்பரைக் கூப்பிடாமல், குளியலறைக் குழாய் முழுவதையும் தானே மாற்றினார். கீசரைக் கழற்றி வெளியே போட்டார். எர்த்துக்குப் புதிதாகக் குழி தோண்டினார்கள். கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் ஒன்றும் மாட்டியாயிற்று. மனைவியிடம் அவர் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டர், காலுக்காக அந்த மாத்திரை தொடரட்டும் என்று சொல்லிவிட்டாராம். அது உண்மையான மரப்புதான்.

ஒரு மாதம் கழித்து மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அக்கா சொன்னார்: "நான் சொன்னப்ப நரம்புன்னாங்க. உன் பாட்டுப் பொட்டி சொன்னதும் எலக்ட்ரீஷியன இட்டாந்தாங்க."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"நானும்தான் நரம்புன்னு சொன்னேன், அக்கா."

"ஆமா. நீயுந்தான்," என்று சொல்லிவிட்டு ஒரு தலையணை உறையை உதறி மடித்தார்.

லேபில் மீட்டர் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள், ஸ்பீக்கரில் வந்த சத்தத்துக்காக இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் கையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அப்போது இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். கொடியின் அந்தப் பக்கம் போய் என் துணிகளை எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஓனர் தெருவில் யாரைப் பார்த்தாலும் எர்த் பற்றிப் பேச ஆரம்பித்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் மீட்டரோடு கூப்பிடுவார். மறுக்காமல் போனேன். மூன்று வீடு தள்ளி ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். தொட்டால் லேசாக அடிக்கிறது, பழகிவிட்டது என்று அந்த வீட்டுப் பெண் சொன்னார். பழைய ஃப்ரிட்ஜ் அப்படித்தான் இருக்கும் என்றார் கணவர்.

ஓனர் அவர் பக்கம் திரும்பினார். "எத்தினி நாளா சொல்லுது உங்க வீட்டம்மா?" என்று கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் நான் துணியை அவிழ்த்து, மீட்டரை வைத்தேன்.