விரலுக்கு மட்டும் தெரிந்த சொல்

அண்ணி தட்டச்சு கற்றது எழுத்தே இல்லாத இயந்திரத்தில். அந்தப் பயிற்சிப் பள்ளியில் சாவிகளின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். குனிந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் யாரும் குனியவில்லை. அங்கே நிமிர்ந்த தலை நாற்பத்தைந்து வயதாகியும் இறங்கவில்லை. வக்கீல்களுக்காக, சாட்சிகள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு அடித்துக் கொடுப்பது அவர் தொழில். காது சாட்சியிடம் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். கட்டடம் முழுக்க அவரை அண்ணி என்றே கூப்பிட்டது. கொழுந்தன் கூப்பிடும் குரல் அத்தனை பலம்.

கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, கம்ப்யூட்டர் விஷயத்தில் இரண்டு கொள்கை உள்ளவர். ஒன்று, எந்த மென்பொருளையும் விலை கொடுத்து வாங்கக் கூடாது. இரண்டு, ஒழுங்காக ஓடுகிற எதையும் சும்மா விடக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன் அண்ணிக்கு லேப்டாப் கொண்டுவந்தவர் அவர்தான். "நாளைக்கு வந்துடும்" என்று ஒன்பது நாள் சொல்லி, பத்தாம் நாள் கொண்டுவந்தார். எந்தத் தேசத்திலோ உழைத்துக் களைத்த பழைய பெட்டி. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, அதன் சுதந்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஒரு சின்னக் குறை. சாவிகளில் அந்தத் தேசத்து எழுத்து வரிசை அச்சாகியிருந்தது. லினக்ஸுக்கோ வழக்கமான வரிசைதான் சொல்லப்பட்டிருந்தது. கியூ என்று எழுதிய சாவியை அழுத்தினால் ஏ விழும். "நாளைக்கே சரி பண்ணிடறேன் அண்ணி" என்றார். சாவியைப் பார்க்காத அண்ணிக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை; அவர் விரலும் லினக்ஸும் ஒரே கட்சி. அவர் கணவர்தான் எப்போதாவது ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்து, பேய் பிடித்த பெட்டி என்று எழுந்து போவார்.

அந்த 'நாளைக்கே' மூன்று வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது.

அண்ணி பதினொரு நாள் உழைப்பை முடித்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். நில அளவையாளர் ஒருவரின் சாட்சியம், நாற்பத்துமூன்று பக்கம். புது வக்கீல், முதல் வேலை. இரண்டு மணிக்குள் அனுப்பினால் இனி எல்லா வேலையும் இவருக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் செய்துவிடுவார்கள் என்பது அண்ணியின் அனுபவம்.

திரும்பி வந்தால், கொழுந்தன் கைகளைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். சாவியில் இருப்பதே திரையில் விழும்படி வரிசையை மாற்றி, தேவையில்லாத பழைய வரிசையைத் துடைத்துப் போட்டு, ஃபைலைப் பத்திரமாகச் சேமித்து, பெட்டியை ஒருமுறை அணைத்தும் போட்டுவிட்டார்.

அண்ணி உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. விழுந்ததெல்லாம் கறுப்புப் புள்ளிகள். எந்த எழுத்து பிசகியது என்று புள்ளி சொல்லுமா?

கொழுந்தனுக்கு விஷயம் உடனே புரிந்தது. வரிசை மாறியதில் அண்ணியின் விரல் ஒன்றை அடிக்க, பெட்டி வேறொன்றை வாங்கிக்கொள்கிறது. நுழைவுத் திரையிலேயே வரிசையை மாற்ற ஒரு பொத்தான் உண்டு. ஆனால் வரிசை ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் அந்தப் பொத்தான் தலைகாட்டாது. சுத்தம் செய்வதில் அவர் கெட்டிக்காரர்.

"பரவாயில்லை, பாஸ்வேர்டைச் சொல்லுங்க அண்ணி. சாவியைப் பார்த்து நானே அடிக்கிறேன்."

"எனக்குத் தெரியாது தம்பி."

"தெனமும் அடிக்கிறீங்களே."

"விரலுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

உண்மை அதுதான். என்றோ வைத்த சொல். மனசு அதை விரலிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிட்டது. விரலைக் கவனித்தால் விரல் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. கொழுந்தன் யோசித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் ஏற்ற இருபதே நிமிஷம் போதும் என்று ஆரம்பித்தார். அண்ணி லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். மணி பன்னிரண்டே முக்கால்.

"வேற கீபோர்டுல அடிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்ல?" என்றார் அண்ணி.

கீழே ஜெராக்ஸ் கடை. அங்கே வழக்கமான வரிசையில் ஒரு கீபோர்டு, பாதி எழுத்து அழிந்து, அண்ணிக்கென்றே செய்தது போல இருந்தது. கடைக்காரர் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அண்ணி கொழுந்தனைத் தெருப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி அடித்தார்.

கண்ணைத் திறந்தபோது கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். திரையில், ஆங்கில எழுத்தில், நம் பாஷையில், அண்டப்புளுகன் என்று இருந்தது.

அண்ணிக்கு எல்லாம் திரும்ப வந்தது. அந்தப் பத்தாம் நாள், "நாளைக்கே சரி பண்ணிடறேன்", அடுத்த மூச்சில் "ஒரு பாஸ்வேர்டு அடிங்க அண்ணி". கோபம் அந்த வாரமே ஆறிப்போனது. விரலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அது தினம் காலையில் ஒருமுறை திட்டிவிட்டே வேலையைத் தொடங்கியிருக்கிறது. அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே நாளில், அவரைப் புளுகன் என்று ஒத்துக்கொள்ளப் பெட்டி மறுத்துவிட்டது. அந்தச் சொல்லில் மூன்று ஏ. மூன்றும் கியூவாகப் போயிருந்தன.

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தலை குனிந்து, ஒவ்வொரு சாவியாகத் தேடிக் குத்தினார். திறந்தது. ஒன்று நாற்பதுக்கு நாற்பத்துமூன்று பக்கமும் போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் வக்கீலிடமிருந்து பதில்: திங்கட்கிழமை இரண்டு சாட்சிகள் வருகிறார்கள்.

கொழுந்தன் பழைய வரிசையைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அப்படி என்ன பாஸ்வேர்டு, கடைக்காரர்கூடச் சிரித்தாரே என்று கேட்டார்.

"உங்களை நினைச்சு வெச்சதுதான் தம்பி."

வாடிய முகம் மலர்ந்துவிட்டது. அந்த உற்சாகத்தில், அண்ணனும் கஷ்டப்படக் கூடாது, சாவிகள் மேல் சரியான எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறேன் என்றார்.

"எப்போ?"

"நாளைக்கே அண்ணி."

கடவுச்சொல்லை மாற்ற அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த அண்ணி, அதை அப்படியே மூடினார்.