உடன் சிறையில் இருந்தோர்

என் அப்பாவைத் திருடன் என்று எழுதியவருக்கு 1991 சுதந்திர தினத்தன்று பொன்னாடை போர்த்த எங்கள் தாசில்தார் முடிவு செய்தார். அதற்கான கோப்பைத் தயார் செய்யும் வேலை தலைமை எழுத்தரான என்னிடம் வந்தது. அரசாங்கம் எனக்குச் செய்த நன்மைகளில் ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன்.

அப்படி எழுதியவர் எங்கள் ஊரின் பழைய கிராம முன்சீப். எல்லோருக்கும் மணியக்காரர். படப்பைக்கும் மணிமங்கலத்துக்கும் நடுவில் உள்ள ஊர். பெயர் வேண்டாம், இன்று அங்கே கம்பெனி பஸ்கள் திரும்புகின்றன. நாற்பத்திரண்டில் வாலாஜாபாத் பக்கம் தந்திக் கம்பியை அறுத்ததற்காக அப்பா ஆறு மாதம் சிறையில் இருந்தார். பிடித்துக் கொடுத்தவர் மணியக்காரர்தான். சுதந்திரம் வந்து வெகுகாலம் கழித்து அப்பா தியாகி ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டார். விசாரணைக்கு அது மணியக்காரரிடமே போனது, நடைமுறை அப்படி. 'மனுதாரர் தேங்காய் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனு தள்ளுபடி. அதற்குப் பிறகு சாகும்வரை அப்பா எந்தக் கொடியேற்றத்துக்கும் போகவில்லை. தெருக்குழாயில் சின்னச் சண்டை வந்தாலும் அம்மாவுக்கு 'தேங்கா திருடன் பொண்டாட்டி' என்ற பட்டம் கிடைக்கும்.

இப்போது மணியக்காரரும் தியாகியாகிவிட்டார். அவர் கொடுத்த தியாகி மனுவில் 'உடன் சிறையில் இருந்தோர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் என் அப்பாவின் பெயரை எழுதியிருந்தார். செத்தவன் வந்து மறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"இன்னா சார், டிரான்ஸ்பர் கேன்சல் ஆயிடுச்சா?" என்றார் தட்டச்சர்.

மகனாக நான் கேட்டால் சிறைப் பதிவு கிடைக்காது. பலமுறை கேட்டுப் பார்த்தவன். அலுவலகம் கேட்டால் கிடைக்கும். மனுதாரர், உடன் இருந்ததாகச் சொல்லப்படுபவர், இருவரின் பதிவையும் அனுப்பும்படி சிறைக்குக் கடிதம் வைத்தேன். தாசில்தார் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் பதில் வந்தது. அப்பாவின் பெயர், தந்திக் கம்பி வழக்கு, ஆறு மாதம். மணியக்காரர் பெயருக்கு எதிரே, 'பதிவு இல்லை'. பதிலையும், அப்பாவின் பழைய கோப்பிலிருந்த தேங்காய் அறிக்கையின் நகலையும் கோப்பில் சேர்த்து மேலே அனுப்பினேன். தாசில்தார் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பினார். அதிகாரியைப் படிக்க வைக்கும் விதி எதுவும் எழுத்தருக்கு இல்லை.

அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பத்துப் பேர் கூடினாலும் போலீஸ் நிற்கும். விழா அன்று காலை வாசலில் கான்ஸ்டபிள் என் பையைத் துழாவினார். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் பேப்பர்தானா சார், போங்க" என்றார்.

கொடி ஏறியது, பூ உதிர்ந்தது. வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு வந்ததிலிருந்து மூட்டை கட்டியதுவரை தாசில்தார் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். அடுத்து, கௌரவிக்கப்படும் தியாகியின் வரலாற்றைத் தலைமை எழுத்தர் கோப்பில் உள்ளபடி வாசிக்க வேண்டும். எங்கள் அலுவலக வழக்கம் அது.

உள்ளபடி வாசித்தேன். முதலில் மனு. மணியக்காரர் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். உடன் சிறையில் இருந்தோர் என்று சொல்லி அப்பாவின் பெயரை மைக்கில் இரண்டு தடவை படித்தேன். அடுத்து, அதே கையெழுத்துள்ள தேங்காய் அறிக்கை. அவர் தலை நின்றது. மூன்றாவதாகச் சிறையின் பதில்.

"டேய், இன்னாடா பட்ச்சிக்கினே போற? நிறுத்துடா!" என்று மணியக்காரர் எழுந்துவிட்டார்.

"கோப்புல இருக்கிறதைத்தானே ஐயா படிக்கிறேன்."

தாசில்தார் என் முழங்கையைப் பிடித்தார். "யோவ், இதையெல்லாம் எப்பய்யா வெச்சே?"

"போன வாரமே சார். பக்கம் பதினேழு. உங்க இனிஷியல் இருக்கு பாருங்க."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "மணியக்காரரே, ஜெயிலுக்குள்ள தென்ன மரம் கீதா?" கூட்டம் சிரித்தது. கான்ஸ்டபிளும் சிரித்தார். பொன்னாடை தட்டிலேயே இருந்தது.

அரைமணி கழித்து மணியக்காரர் என் மேஜைக்கு வந்தார். பக்கத்தில், விழாவுக்கு வந்திருந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"மானம் போச்சு. இன்னும் இன்னா வேணும் உனுக்கு?"

அப்பாவின் பழைய கோப்பைத் திறந்து, அந்த அறிக்கையைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். "திருட்டுன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க."

"நான் வேலைய வுட்டு எத்தினி வருசம் ஆவுது? இப்ப நான் அடிச்சா செல்லாது. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். செல்லாது. அடிங்க."

பதவியில் இல்லாதவர் கையில் அரசு ஆவணத்தைத் திருத்தக் கொடுத்தேன். முப்பத்தோரு வருட வேலையில் நான் தெரிந்தே மீறிய ஒரே விதி. அப்பாவின் பெயரைச் சரிசெய்யச் சிறைப் பதில் போதும், அது வந்த அன்றே தனிக் குறிப்பு வைத்துவிட்டேன். இது எனக்காக.

அவர் அந்தச் சொல்லே தெரியாதபடி மை பூசப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே கோடு ஐயா. அடிச்சது கீழே படிக்கத் தெரியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி."

ஒரு கோடு போட்டார். கையெழுத்தும் போட்டார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எழுதினது யாருன்னும் தெரியுது, அடிச்சது யாருன்னும் தெரியுது" என்றாள். "மூடி வைடா. பத்திரமா வை."