கழுவாமல் வரச் சொன்ன டாக்டர்

கல்யாணமான நாலாவது வருஷம் எனக்கு அந்த இடத்தில் அரிப்பு வந்தது. 'அந்த இடம்' என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழங்காலுக்குப் பெயர் இருக்கிறது, மூக்குக்குப் பெயர் இருக்கிறது. இதற்கு மட்டும் எங்கள் வீட்டிலும், கம்பெனியிலும், டாக்டரிடமும்கூட 'கீழ', 'அங்க', 'அந்த இடம்'. பிறப்புறுப்பு. இதோ எழுதிவிட்டேன். யார் தலையிலும் இடி விழவில்லை.

வெறும் அரிப்பு என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பச்சையும் மஞ்சளுமாக நீர் பட்டது. வாடை அடித்தது. ஒன்றுக்குப் போனால் எரிந்தது. அப்போது நான் மறைமலைநகரில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. தடித்த யூனிஃபார்ம் பேன்ட். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னால் அவன் என்னைப் பார்க்க மாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதை விட்டேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, யார் வந்தாலும் "ஆள் வராங்க" என்று பொய் சொல்வேன்.

என் மாமியாருக்கு உலகத்தில் ஒரே ஒரு வியாதிதான் தெரியும். அதன் பெயர் சூடு.

"ஒடம்பு சூடு, வேற இன்னா? மிசினு பக்கத்துலயே நின்னுகினு இருந்தா இப்டிதான் ஆவும். வெந்தயத்த ஊறவெச்சு முழுங்குமே" என்றாள்.

முழுங்கினேன். இளநீர் குடித்தேன். வாரம் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். சூடுதான் காரணம் என்றிருந்தால் இதற்குள் நான் ஐஸ்கட்டியாகி இருக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

செங்கல்பட்டு டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் மூன்று தடவை போனேன். அந்தம்மா மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எழுந்ததே இல்லை. "வெள்ளை படுதா? அரிப்பு இருக்கா?" என்று சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "ஆமாங்க மேடம்" என்பேன். முடிந்தது. எந்தக் கிருமியாக இருந்தாலும் எதிலாவது ஒன்றில் சாகட்டும் என்று எல்லா மருந்தையும் ஒரே அட்டையில் அடைத்த ஒரு கிட் எழுதித் தருவார். அதைச் சாப்பிட்டால் மூன்று வாரம் நன்றாக இருக்கும். நாலாவது வாரம் பழைய கதை. மூன்றாவது தடவை ஒன்றுக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லி லேபுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து 'நார்மல்' என்று பேப்பர் வந்தது. "ஒண்ணுமில்லையேம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றார். அரிப்பு மனசிலா இருக்கிறது? நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

என் வேலையில், கேஜ் வைத்து அளக்காமல் ஒரே ஒரு பீஸை நான் பாஸ் பண்ணியிருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். அந்தம்மா என்னைப் பார்க்காமலே மூன்று தடவை பாஸ் பண்ணினார். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவர் பார்க்காமல் விட்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காலை விரித்துப் படுக்கச் சொல்லவில்லையே, தப்பித்தோம் என்று படியிறங்கி வந்திருக்கிறேன். அவர் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே உண்டு.

இதற்குள் மாமியாருக்குச் சூடு போய் வேறு பேச்சு வந்துவிட்டது. என் துணியைத் தனியாகத் துவைக்கச் சொன்னாள். எனக்கென்று தனிச் சோப்பு, தனி வாளி. "ஒட்டுவாரொட்டியா இருக்கப் போவுது. இன்னா கருமமோ" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லுவாள். என் வீட்டுக்காரர் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். அம்மா பேசினால் அவருக்குக் காது கேட்காது. கல்லுப்பிள்ளையார் மாதிரி டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மாமியார் என் எதிரிலேயே அவரிடம் சொன்னாள்: "ஆடி பொறந்ததும் இவள அம்மா வூட்டுக்கு அனுப்பிடு. நல்லாயிட்டு வரட்டும். இல்லாங்காட்டி வரவே வேணாம்."

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து யாரை ஆடிக்கு அழைக்கிறார்கள்? எனக்கு அம்மாவும் இல்லை. அம்மா வீடு என்றால் அண்ணன் வீடு, அண்ணியின் ராஜ்யம். அங்கே நான் இரண்டு நாளைக்கு மேல் தங்கினதில்லை. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே "பாக்கலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் இது என்ன கண்றாவி என்று தெரிந்து தீர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் எனக்கு வீடு கிடையாது.

லைனில் என் எதிர் டேபிள் அக்காவிடம் அழுதேன். அவர்தான் சொன்னார்: "திருவிடந்த தாண்டி ரோட்டு மேலயே ஒரு சின்ன கிளினிக் கீது. அந்த டாக்டரம்மா எடுத்து, அங்கயே உடனே பாத்து, இன்னான்னு சொல்லிடும். லேபு கீபு ஒண்ணும் கெடையாது."

மாமியாரிடம் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். திருவிடந்தை பெருமாளிடம் கல்யாணம் ஆகாதவர்கள்தான் கழுத்தில் மாலையோடு ஒன்பது சுற்று சுற்றுவார்கள். உனக்கு அங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. நான் வெளியே போனால் போதும் என்றிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் மாலையும் கழுத்துமாக இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம்டி என்று கத்த வேண்டும் போலிருந்தது.

கிளம்புவதற்கு முன் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஒரு மணி நேரம் குளித்தேன். கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளே கைவிட்டுக் கழுவினேன். எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை கழுவினேன். பவுடர் போட்டேன். புது ஜட்டி. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்கித் துடைப்பதுபோல எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் வியாதியைக் காட்டப் போனேன்.

அந்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். படுக்கச் சொல்லி, பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னத்தப் போட்டுக் கழுவின?"

சொன்னேன், முன்னால் சாப்பிட்ட மாத்திரைகளையும் சேர்த்து. பஞ்சு சுற்றிய குச்சியால் எடுத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு மஞ்சள் தாளில் தேய்த்தார். கண்ணாடித் தகட்டில் வைத்து மூலையில் இருந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். திரும்பி வந்து கையுறையைக் கழற்றிக் குப்பையில் வீசினார்.

"ஒண்ணும் சொல்ல முடியல. எல்லாத்தையும் கழுவி ஊத்திட்டு வந்து, கண்டுபிடின்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்க வர்ற பொம்பளைங்க எல்லாரும் இதையே செய்றீங்க. வெளிய தண்ணி ஊத்திக் குளி. உள்ள கைய விடாத. மருந்து எதுவும் போடாத. வீட்டுக்காரர்கிட்டயும் போகாத. மூணு நாள் கழிச்சு வா."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாறிகினு வரச் சொல்றீங்களா?" என்றேன்.

"ஆமா. எனக்கு அந்த நாத்தம்தான் வேணும்."

மூன்று நாள் அப்படியே இருந்தேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே பஸ் மாறினேன். காலியாக இருந்த சீட்டில்கூட உட்காராமல் படிக்கட்டுப் பக்கம் காற்றில் நின்றேன். ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். கடற்கரை ரோட்டில் மீன்கூடையோடு ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். அவள் மூடினது எனக்காகத்தான் என்று முடிவு கட்டி அவளை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இந்தத் தடவை குச்சியை எடுத்துத் தேய்த்ததும் மஞ்சள் தாள் பச்சையாகிக் கறுத்தது. டாக்டர் "ம்" என்றார். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரோடு கலந்து, நின்ற வாக்கிலேயே மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு இறங்குவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"வா, நீயே பாரு."

பார்த்தேன். தேங்கின தண்ணீரில் கொசுப்புழு துள்ளுமே, அந்த மாதிரி குட்டிக் குட்டியாக உருண்டு துடித்துக்கொண்டிருந்தன. கண்ணை எடுக்க மனசு வரவில்லை. சூடு என்றும், மனசு என்றும், கருமம் என்றும் ஆளாளுக்குச் சொன்னதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது டிரைக்கோமோனாஸ்னு ஒரு கிருமி. உயிரோட அசையும்போதே பாத்துடணும். டவுன் லேபுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அசைவு நின்னுரும், அப்புறம் கண்ணுக்குத் தப்பிடும். சூடும் இல்ல, உன் அழுக்கும் இல்ல. படுக்கையில ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வர்றது. நீ மாத்திரை சாப்பிட்ட, போச்சு. அவர் சாப்பிடல, திரும்ப உனக்கே குடுத்தார். அதான் உன் கதை. அவரைக் கூட்டிட்டு வா."

"அவருக்கு எங்கிருந்து வந்துது?" என்றேன்.

"அதை இந்த மைக்ராஸ்கோப் சொல்லாதும்மா. ஆம்பளைங்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாம மாசக்கணக்கா, சில பேருக்கு அதுக்கு மேலயும் உள்ளயே இருக்கும். யாரு முதல்லன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது."

வர மாட்டார் என்றேன். வேறு மருந்து எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எனக்கு ஏழு நாளைக்கு மாத்திரையும், அவருக்கு ஒரே வேளையில் போட ஐந்தும் கொடுத்தார். இரண்டு பேரும் முடிக்கிற வரை சேரக் கூடாது, குடிக்கக் கூடாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது "அதுக்கு மேலயும்" என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கலாம். இருக்கலாம் இல்லையா? நாலு வருஷம் ஆயிற்றே என்று கணக்குப் போட்ட மனசை அடக்கி உட்கார வைத்தேன்.

வீட்டில் அவரிடம் எனக்கு முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. "டாக்டரு உன்னையும் இந்த மாத்திரையப் போடச் சொன்னாங்க, அஞ்சும் ஒரே தபா" என்று மட்டும் சொன்னேன். "எனக்கு இன்னா? நல்லாத்தான கீறேன்" என்றார். சாயங்காலம் கேட்டதற்குப் போட்டாயிற்று என்றார். திங்கட்கிழமை காலையில் துவைக்க எடுத்த அவருடைய யூனிஃபார்ம் சட்டைப் பையில் ஐந்தும் அட்டையோடு இருந்தன. ஒன்றுகூடக் கிழிக்கவில்லை.

எனக்குள் என்ன வெடித்தது என்று தெரியவில்லை. சட்டையைக் கல்லில் போட்டுவிட்டு ஈரக்கையோடு உள்ளே போனேன். அவர் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மாமியார் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். மாத்திரை ஐந்தையும் பிய்த்து இட்லிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சாப்ட்டு முடிச்சதும் முழுங்கு."

"ஆம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குமே அந்தக் கண்றாவி?" என்று மாமியார் கரண்டியை நீட்டினாள். "உன் ஒடம்புல கீற கருமத்துக்கு எம்புள்ள மாத்திர துன்னணுமா?"

"துன்னணும். நீங்களும் கேட்டுக்கங்க அத்த. சூடு இல்ல இது. பூச்சி. கண்ணால பாத்தேன். ஒருத்தர் கூடப் படுத்தாதான் இன்னொருத்தருக்கு வரும். வேற எப்டியும் வராது. நான் இந்த வூட்ட வுட்டா கம்பெனி, கம்பெனிய வுட்டா வூடு. இவரத் தவிர ஒருத்தர் நெழலு எம்மேல பட்டது கெடையாது."

சட்னிக் கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. இப்போது வரும் என்று நின்றேன். 'எவன்கிட்டடி போன?' என்று எழுந்து அடிக்க வருவார். கத்துவார். டாக்டரின் கிளினிக்கை உடைப்பேன் என்பார். அதற்கெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மாத்திரை வாங்கி வந்த நாளிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். மாமியாரும் அவர் வாயைத்தான் பார்த்தாள். மகன் கத்துவான், மருமகளை இன்றைக்கே வெளியே தள்ளிவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். ஐந்து மாத்திரையையும் உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்டு, செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். கையைக் கழுவினார். வேன் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, போய்விட்டார்.

எவன்கிட்ட போன என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மாமியாரைப் பார்த்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் கேட்காமல் போனதை அவளும் பார்த்துவிட்டாள்.