சின்னத் தீயில் உப்பி வரும் ஆம்லெட்

என் கணவர் இறந்து காரியம் முடியும்வரை செம்பவாங்கில் எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கவில்லை. அது முடிந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "அம்மா, அப்பாவுக்கு செய்வீங்களே, அந்த உப்பின ஆம்லெட் செஞ்சு தர்றீங்களா?"

வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து, மஞ்சள் கருவை மெல்லக் கலந்து தவாவில் ஊற்றினேன். நடுவில் காளானும் சீஸும் வைத்து, மூடி போட்டேன். சூடான மூடியைப் பிடிக்க வைத்திருந்த துணியின் நுனி அடுப்பில் பட்டது. அது பற்றிக்கொண்டதைப் பார்த்தேன். தீ மேலேறி வருவதையும் பார்த்தேன். நகரத் தோன்றவில்லை. பயமும் வரவில்லை. வேறு யார் வீட்டு அடுப்பையோ பார்ப்பதுபோல் இருந்தது.

மகள்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்து, துணியை சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள்.

"பக்கத்துல எண்ணெய் பாட்டில் இருக்கு லா. என்னம்மா பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?"

மூடியைத் திறந்து பார்த்தேன். ஆம்லெட்டின் அடிப்பக்கம் கருகியிருந்தது. மேலே இருந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு அவள் ஜூரோங்குக்குக் கிளம்பினாள். கருகியது தட்டிலேயே கிடந்தது.

இப்போது அடுப்புக்கு அருகில் துணி வைப்பதில்லை. சூடேறாத பிடி வைத்த மூடி வாங்கிவிட்டேன். மகள் சமையலறைக்கு வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். தீயையும் நன்றாகக் குறைத்துவிடுகிறேன். முன்பெல்லாம் அவசரத்தில் கூட்டித்தான் வைப்பேன். கருகிய பக்கத்தை அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்.