ரப்பர் அண்ணமும் ஒரு நிபந்தனையும்

நோய் விடுப்பில் போன குமாஸ்தா டாக்டரின் தகுதிச் சான்றிதழுடன் திரும்பினால் அவரை அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் நிபந்தனை எதுவும் இருக்கக் கூடாது. வங்காளத்தில், கிடர்பூர்த் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் விதி இது. நிபந்தனையோடு வந்த இரண்டு பேரை இதைக் காட்டி நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது ஆள் நான்.

நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். என் இடது மூக்கிலும் அதையொட்டிய கன்னக் குழியிலும் புற்று வளர்ந்திருந்தது. அறுவை டாக்டர் அதை எடுத்தபோது மேலண்ணத்தில் பாதியையும் சேர்த்து எடுத்துவிட்டார். உயிர் தங்கியது, வாய்க்கும் மூக்குக்கும் நடுவே இருந்த சுவர்தான் போயிற்று. ஓட்டையை அடைக்கச் சௌரங்கியில் ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டர் கெட்டி ரப்பரில் தகடு செய்து கொடுத்தார். மாட்டினால் பேச்சு தெளிவாக வரும். கழற்றினால் நான் பேசுவது எனக்கே விளங்காது.

மற்ற விளைவுகளைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. தினம் இரண்டு வேளை உப்புக் கரைத்த வெந்நீரால் மூக்கைக் கழுவிப் பொருக்கை எடுக்க வேண்டும். இடது கண்ணில் காரணமில்லாமல் நீர் வழியும். யாருக்கும் பிடிக்காத எங்கள் பெரிய குமாஸ்தாவின் பிரிவுபசாரத்துக்குப் போயிருந்தேன். அழுதது நான் ஒருவன்தான் என்று அவர் கடைசிவரை என்னிடம் பிரியமாக இருந்தார். வாசனை அடியோடு போய்விட்டது. அதை நஷ்டம் என்று சொன்ன எவரும், மழைக்காலத்தில் மீன் கடைகளுக்கு நடுவே நடந்து வீடு திரும்பும் சைவர் இல்லை.

ஒன்றுதான் சங்கடம். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. 'இது நிற்கும்வரை வேலைக்குத் தகுதியில்லை' என்று அறுவை டாக்டர் சான்றிதழில் எழுதிவிட்டார். என் விடுப்பு துர்கா பூஜையோடு முடியும். அதற்குள் சேராவிட்டால் நாற்பத்திரண்டு வயதில் வேலை போய்விடும்.

பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுத்துச் சோதிப்பார். ஒரு சொட்டு ஒழுகாது. வீட்டுக்கு வந்தால் ஒழுகும். மூன்று முறை தகட்டை மாற்றினார். கடைசியில், உங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்றார்.

அன்று நல்ல வெயில். வெளியறையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். பாதி மூக்கு வழியாக வந்து சட்டையில் விழுந்தது. டாக்டரின் உதவியாளரான கிழ வங்காளி மேஜையை விட்டு எழுந்தே விட்டார்.

"மொஷாய், என்ன இது? தண்ணி குடிக்கிறீங்களா, தொட்டி ரொப்புறீங்களா?"

"நாங்க இப்படித்தான் குடிப்போம், தாதா. உதடு பட்டா எச்சில்."

"தலையைச் சாய்ச்சா தகட்டோட பின்பக்கம் தாண்டி மேலே ஏறாதா? சாயேப் மூணு தகடு செஞ்சாரே, ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

"அவர் கேக்கலையே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் இருபது வருஷமாக மனுக்காரர்களைப் பார்த்த பார்வை இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"ஏன்னா, வாய் வெச்சு உறிஞ்சியா குடிக்கப் போறேள்? அந்த டம்ளரை யார் தேய்க்கறது?"

"நானே தேய்ச்சுக்கறேன்."

"தேய்ச்சு எங்கே வைப்பேள்? என் டம்ளரோடயா?"

"சரி, வேலை போகட்டும். நாள் பூரா ஆத்துலயே இருக்கேன்."

இப்போது திரும்பினாள். சற்று யோசித்தாள்.

"மிட்டாய்க் கடையில மண் குவளை இருக்கோல்லியோ? அதுல குடிச்சுட்டு வாசல்ல விட்டெறிஞ்சுடுங்கோ. ஊரே அப்படித்தானே பண்றது."

ஒரு வாரம் குனிந்து உறிஞ்சினேன். ஒரு சொட்டு வரவில்லை. அறுவை டாக்டர் நிபந்தனையை அடித்துக் கையெழுத்துப் போட்டார். ஆடி மாதம் சான்றிதழை அலுவலகத்தில் கொடுத்தேன்.

விதிப்படி அன்றே என் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மேனேஜர் தயங்கினார். அண்ணம் ரப்பராக இருப்பவரை முழுத் தகுதியுள்ளவராகக் கொள்ளலாமா என்று லண்டன் தலைமை அலுவலகத்தைக் கேட்க முடிவு செய்தார். மேலே கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று அவரைப் பழக்கியவன் நான். அந்தக் கடிதத்தை எந்த முறையில் எழுதுவது என்று அங்கே வேறு யாருக்கும் தெரியாததால், வரைவைத் திருத்திக் கொடுத்தவனும் நான்தான்.

கடிதம் கப்பலில் போயிற்று. பதிலும் கப்பலில் வரவேண்டும். ஆவணி கழிந்தது. பூஜைக்கான துர்கை சிலைக்கு வைக்கோல் கட்டி மண் பூசத் தொடங்கிவிட்டார்கள்.

"கப்பல் கம்பெனிதானே? ஒரு கப்பலையாவது வேகமா விடச் சொல்லுங்கோளேன்" என்றாள் மனைவி.

'விதி தெளிவாக இருக்கிறது. அவரை அன்றைக்கே சேர்த்திருக்க வேண்டும். உடனே சேர்க்கவும்.' பதிலில் இவ்வளவுதான் இருந்தது. அது வந்து சேர்ந்த நாள் புரட்டாசி பதினெட்டு, புதன்கிழமை. துர்கையை ஆற்றில் கரைத்து, என் விடுப்பும் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.