அவர் சுற்றவில்லை, நடந்தார்

மாசிலாமணி சார் இறந்த செய்தி வந்தபோது அஸ்தினாபுரம் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தவர்கள்: குருக்கள், பூக்கடை அம்மா, நம் ஞாயிறு விவாத வட்டத்தின் தலைவர் ஏகாம்பரம், செயலாளர் கோதண்டராமன், நான். வேறு யாரும் இல்லை. 'நானும் அங்கேதான் நின்றேன், கண் கலங்கிவிட்டது' என்று சொல்லிக்கொள்ள இதற்குள் சிலர் கிளம்பிவிட்டதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நாவலூரில் இருக்கும் சாரின் மகள்தான் ஏகாம்பரத்துக்குப் போன் செய்தாள். கேட்டு முடித்த பிறகும் போனைப் பையில் போடத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சாரு பூட்டாரும்மா" என்றார் அவர். பூக்கடை அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தாள். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டார். நம் செயலாளர் சொன்ன முதல் வார்த்தை: "நினைவு மலர் ஒண்ணு போட்டுடணும். கலர்லயே போட்டுடலாம்."

அந்த மலருக்குத்தான் என்னிடம் இரண்டு பத்தி கேட்டார். "லேடீஸ் சைடுலேர்ந்து டச்சிங்கா ஏதாவது குடுங்க சிஸ்டர்" என்றார். தருகிறேன். இரண்டு பத்தியில் அடங்காது.

பேராசிரியர் மாசிலாமணி தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஏகாம்பரம் வீட்டு மாடி ஹாலில் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அவர் கேட்டது ஒரே கேள்வி. இடம் என்று ஒன்று தனியாக இருக்கிறதா, அல்லது பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் நாம் இடம் என்கிறோமா? ஒரு பொருள் நகர்கிறது என்றால் நிஜமாகவே நகர்கிறதா, இன்னொன்றை வைத்துப் பார்த்தால் மட்டும் நகர்கிறதா? ஆண்டுக்கணக்கில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. வட்டத்தில் உள்ள நீங்களும் ஆண்டுக்கணக்கில் வந்தீர்கள். ஏகாம்பரத்தின் மனைவி அனுப்பும் போண்டாவும் டீயும் அதற்கு ஒரு காரணம் என்று நான் சொன்னால் கோபப்படுவீர்கள். அந்த அம்மா ஊருக்குப் போயிருந்த ஞாயிறுகளில் யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாசிலாமணி சார் வந்தார். நான் வந்தேன். வீடு அவருடையது என்பதால் ஏகாம்பரம் இருந்தார்.

செத்தவரை உடனே நல்லவராக்கிவிடும் வேலையை நான் செய்யப்போவதில்லை. சார் கர்வி. கொடுத்த காபியைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "டிகாக்‌ஷனை அடுப்புல காட்டினீங்களா, வெயில்ல காட்டினீங்களா?" என்று கேட்பார். தமிழில் கேட்டவருக்கு ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் கேட்டவருக்குத் தமிழிலும் பதில் சொல்வார். என்னை 'மேடம்' என்று அவர் கூப்பிட்ட தொனியில் மரியாதை கிடையாது.

நான் முதன்முதலில் வாய் திறந்த ஞாயிறு நினைவிருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்து ரயில் கிளம்புகிறது, நாம் கிளம்பிவிட்டதாகத் தோன்றுகிறது. யார் நகர்வது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். "மறுபக்கம் திரும்பி பிளாட்பாரத்துத் தூணைப் பார்த்தா தெரியும்" என்றேன்.

"தூண் ஓடலைன்னு யார் சொன்னது? பூமியே ஓடுது."

"எல்லாம் ஓடட்டும் சார். ஓடறதுக்கு இடம் குடுத்துட்டு, தான் ஓடாம ஒண்ணு இருந்துதான் ஆகணும். அதைத்தான் நான் காலையில விளக்கேத்திக் கும்பிடறேன்."

"பாருங்கய்யா" என்று சபையைப் பார்த்தார். "மேடம் கடவுளுக்கே பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தீர்கள். கோதண்டராமன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அதே கோதண்டராமன்தான் இன்று பரம்பொருளைப் பற்றி மலரில் எழுதுகிறார்.

எனக்குப் படிப்பு பள்ளியோடு சரி. மகனின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை அவன் தொடாததால் நான் படித்தேன். அந்தத் தைரியத்தில் ஒருநாள் கிரைண்டரைப் பற்றிக் கேட்டேன். தொட்டி சுற்றும்போது மாவு ஓரத்தில் ஏறுகிறது, நின்றால் இறங்கிவிடுகிறது. சுற்றுவது வெறும் பார்வைக்குத்தான் என்றால் மாவுக்கு எப்படித் தெரிகிறது என்றேன். மறுபடி சிரிப்பு. "இட்லி தத்துவம்" என்று ஒருவர் சொன்னார், பெயர் வேண்டாம், இப்போது அவருக்கும் சர்க்கரை. சிரிக்காதவர் சார் ஒருவர். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"கல்லை எடுத்துட்டு வெறும் தண்ணி ஊத்தி ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். முதலில் தொட்டி மட்டும் சுற்ற, தண்ணீர் மட்டமாக நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் கூடவே சுற்றி, நடுவில் குழிந்து, ஓரத்தில் ஏறி மேடையெல்லாம் தெறித்தது. சார் வேட்டி நனைய நின்று பார்த்தார். பிறகு சொன்னார்:

"உங்க கட்சியை நீங்களே சரியாச் சொல்லலை மேடம். நான் சொல்றேன், கேளுங்க. முதல்ல தொட்டி சுத்துது, தண்ணி சுத்தலை. ரெண்டுக்கும் நடுவுல அசைவு இருக்கு, ஆனா தண்ணி மட்டமா இருக்கு. அப்புறம் ரெண்டும் சேர்ந்து சுத்துது. நடுவுல அசைவே இல்லை, ஆனா தண்ணி குழியுது. அப்போ குழியறதுக்குக் காரணம் தொட்டி இல்லை. வேற எதை வெச்சோ தண்ணி நிஜமாவே சுத்துது. அது இடம். இதானே நீங்க சொல்ல வந்தது?"

அதுதான். ஆனால் நான் அதை அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கவில்லை. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் சிரித்தார்.

"இப்போ என் பதில். வெளியில வானம் மொத்தமும் இருக்கு, நட்சத்திரம் மொத்தமும் இருக்கு. அதுங்களை வெச்சுத்தான் சுத்துதுன்னு நான் சொல்றேன். எல்லா நட்சத்திரத்தையும் எடுத்துட்டு கிரைண்டரைப் போடுங்க. அப்பவும் தண்ணி குழிஞ்சா, நீங்க ஜெயிச்சீங்க."

"எடுக்க முடியுமா சார்?"

"முடியாது. அதனால நீங்களும் ஜெயிக்கலை, நானும் ஜெயிக்கலை. துணி குடுங்க, தொடைச்சு விடறேன்."

துடைக்கவும் செய்தார், மோசமாக. வட்டத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையைச் சரிதானா என்று பார்க்க வந்தவர் இந்தக் கர்வி மட்டுமே.

இனி கோயில் விஷயம். இதற்காகத்தான் எழுதுகிறேன்.

சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, வலது காலும் பாதி. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நம் தெருக்கள் வடிகாலுக்காகத் தோண்டிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும்; நல்ல கால் இருப்பவர்களே விழுந்தார்கள். சமதளமான தரையும் பிடித்து நடக்கக் கம்பியும் இருந்த ஒரே இடம் பிள்ளையார் கோயில் பிராகாரம். அந்தக் கம்பி சன்னதிச் சுவரை ஒட்டி இருக்கிறது. எல்லோரையும்போல வலம் வந்தால் கம்பி வலது கைப்பக்கம் வரும். அவருக்கு வேண்டியது இடது கைப்பக்கம். ஆகவே எதிர்த்திசையில் நடந்தார்.

குருக்கள் பதறிப்போனார். "சார், என்ன இது, அப்பிரதட்சிணமா வரேளே! பாக்கறவா என்னைன்னா கேப்பா?"

"நான் சுத்தலை சாமி. நடக்கறேன். கம்பி இந்தப் பக்கம்தான் இருக்கு."

ஏகாம்பரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், ஊரே ஒரு பக்கம் வருது, நீ மட்டும் ஆப்போசிட்ல வர்றே. உள்ள கீறவரு கன்ஃபியூஸ் ஆயிடப் போறாரு."

"அவருக்குத் திசை தெரியாதுன்னா அது என் பிரச்சினை இல்லை" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தினமும் அங்கே இருப்பவள். ஒருநாள் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது நேராகவே கேட்டேன். "இப்பவாவது அசையாம ஒண்ணு இருக்குன்னு தோணுதா சார்?" என் குரலில் ஆசை இருந்தது. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். வழக்கமான நக்கல் இல்லாமல் பதில் சொன்னார்: "இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது மேடம். தோணறதும் இருக்கறதும் ஒண்ணு இல்லை. என் பதில் பழைய பதில்தான்."

இதற்குச் சில நாட்களில் இறந்தார்.

இப்போது மலருக்கு வருவோம். முதல் புரூஃப் வாட்ஸாப்பில் வந்தது. அட்டையில் சார் பிராகாரத்தில் நடக்கும் படம், கோதண்டராமன் கம்பிக்கதவுக்கு வெளியிலிருந்து எடுத்தது. கீழே: 'வாழ்நாள் முழுதும் இடமும் அசைவும் சார்பானவை என்று வாதிட்ட பேராசிரியர், இறுதியில் ஆலயத்தை வலம் வந்து, அசையாத பரம்பொருளை உணர்ந்தார்.' படத்தில் சன்னதிச் சுவர் அவருடைய இடது பக்கம் இருக்கிறது. வலம் வருகிறவரின் இடது பக்கம் சுவாமி இருப்பாரா? செயலாளர் நெற்றியில் விபூதி இல்லாமல் ரேஷன் கடைக்குக்கூடப் போகாதவர். குன்றத்தூர் முருகன் கோயில் படியேறிய கதையை மாதம் ஒருமுறை சொல்கிறவர். அவர் கண்ணுக்கு இது படவில்லை.

போன் செய்தேன். "கோதண்டராமன் சார், படத்துல அவர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். அவர் வலமும் வரலை, எதையும் உணரவும் இல்லை. நான் அங்கேயே இருந்தேன்."

படத்தைத் திறந்து பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, "கரெக்டுதான் சிஸ்டர், நான் பாக்கலை. ஒண்ணும் பேஜார் இல்லை, போட்டோவைத் திருப்பிப் போட்டுட்டா சரியாப் போச்சு" என்றார்.

"திருப்பியா?"

"கண்ணாடியில பாக்கற மாதிரி. ஒரு கிளிக்தான். இடது என்ன, வலது என்ன, எல்லாம் ரிலேடிவ்னு சாரே சொல்லியிருக்காரே!"

சார் அப்படிச் சொல்லவில்லை. சார் ஒரு ஞாயிறு முழுவதும் இதைப் பற்றித்தான் பேசினார். உலகத்தில் வேறு எதுவுமே இல்லாமல் ஒரே ஒரு கை மட்டும் இருந்தால் அது இடது கையா, வலது கையா? விரலுக்கு விரல் தூரம் இரண்டு கையிலும் ஒன்றுதான். இருந்தும் இடது கை உறை வலது கையில் ஏறாது. தூரம் மட்டுமே இடம் என்று சொல்லும் தன் கட்சிக்கு இது பெரிய தலைவலி என்று அவரே ஒப்புக்கொண்டார். 'இதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்லை' என்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே நாள் அது. செயலாளர் அன்று முன்வரிசையில் தூங்கினார். போண்டா வந்தபோது எழுந்தார்.

இரண்டாவது புரூஃப் வந்துவிட்டது. சார் இப்போது முறைப்படி வலம் வருகிறார். சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது. விழுந்துபோன வலது கை கம்பியை இறுகப் பிடித்திருக்கிறது. நல்ல கை செத்துத் தொங்குகிறது. கேட்காத பக்தியை அவருக்குக் கொடுத்தீர்கள். அதற்காக அவருடைய பக்கவாதத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினீர்கள்.

அவர் மகளுக்கும் அதை அனுப்பியிருக்கிறீர்கள். கடைசி மாதங்களில் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்து விட்டவள் அவள். எனக்குப் போன் செய்து, "ஆன்ட்டி, அப்பா கை ஏன் மாறியிருக்கு?" என்று கேட்டாள். அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

பக்தியுள்ளவள், இவள் பக்கத்துக்குச் சாதகமான பொய், வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டீர்கள். எனக்கு என் சுவாமி மேல் நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் அவருக்கு ஆள் சேர்க்க ஏமாற்று வேலை தேவை என்று நான் நினைக்கவில்லை.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: மறுப்பதற்கு முன் எதிராளியின் கட்சியை அவரைவிட நன்றாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே கோதண்டராமன் கட்சியைச் சொல்கிறேன். அவருக்குச் சார்மேல் பிரியம் இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் எதையும் பற்றிக்கொள்ளாமல் போனார் என்பதைத் தாங்க முடியவில்லை. கோயிலுக்குள் அவரைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவை எல்லோருக்கும் காட்ட நினைத்தார். இதைவிட நன்றாக அவரே சொல்லியிருக்க மாட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது என்பதால் எனக்குத் தெரியும். ஆனால் மாசிலாமணி சார் நம்பாமல் நடந்தார், நம்பாமல் இறந்தார். அது அவருடையது.

படத்தை எடுத்தபடியே போடுங்கள். கீழே உள்ள வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். செய்வீர்களா, மாட்டீர்களா? மலர் அச்சுக்குப் போகும் முன், அவர் மகளிடம் நான் பேசும் முன், சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.