மூன்று காய்ப்புக்கு அச்சாரம்

நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் பதிலைப் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். கேட்கிறவர்கள் அதற்கு முன்பே தலையாட்ட ஆரம்பித்திருப்பார்கள். சென்னையில் ஒரு ஆபீஸ். அவர்கள் வெளிநாட்டு வாசகர்களுக்கு வாராவாரம் ஒரு அறிக்கை அனுப்புகிறார்கள். அதில் ஒரு பக்கத்தை எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் தயார் செய்கிறேன். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் போகிற சாலையில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் எங்கள் ஊர். கீழ்வீட்டில் சிக்னல் கிடைக்காது.

பெரிய கம்பெனி ஒன்றின் பங்கை இரண்டு வருஷம் கழித்தும் இன்றைய விலைக்கே வாங்கிக்கொள்ளும் உரிமையை இன்று காசு கொடுத்து வாங்கலாம். ஆப்ஷன் என்பார்கள். பங்கு விலை ஏறினால் அந்த உரிமையை வைத்து லாபம் பார்க்கலாம். இறங்கினால் கொடுத்த காசோடு கைகழுவிவிடலாம். இந்த உரிமை எந்தக் கம்பெனிக்கு மலிவு, எதற்கு அதிகம் என்று ஒப்பிட்டு அட்டவணை போடுவதுதான் என் வேலை. சோப்பும் பற்பசையும் விற்கிற கம்பெனிக்கு மலிவாக இருக்கும். அது பெரிதாக ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை. நேற்று முளைத்து இன்று உலகத்தையே விழுங்கப் பார்க்கிற கம்பெனிக்கு யானை விலை. ஆனால் எந்தக் கம்பெனியானாலும், கெடு நீள நீள மாதத்துக்கு ஆகிற செலவு குறைந்துகொண்டே வரும். இதைக் கண்டுபிடித்தது நானில்லை. ஆனால் நானே கண்டுபிடித்த மாதிரிதான் வீட்டில் அளந்துகொண்டிருந்தேன்.

என் கணவர் புளி வியாபாரி. ஒரு நாள் டீயோடு மாடிக்கு வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னாமே, நம்ம அச்சாரம் மாதிரியே கீது?" என்றார்.

அவர் சொன்னது சரி. மலைமேல் புளிய மரங்கள் பூ விடும்போதே வியாபாரிகள் ஏறிப்போவார்கள். மரத்தைச் சுற்றி வந்து பார்த்து, கிலோ இன்ன விலை என்று பேசி, மரத்துக்கு இவ்வளவு என்று அச்சாரம் கொடுப்பார்கள். காய் முற்றியதும் பேசிய விலையைக் கொடுத்து உலுக்கி எடுத்துக்கொள்ளலாம். மண்டியில் விலை விழுந்துவிட்டால் அச்சாரத்தை விட்டுவிட்டு வந்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் ஒரு காய்ப்புக்கு மட்டும். மண்டி விலை எகிறிவிட்டால் வியாபாரி பேசியதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுப்பார். இவ்வளவுதான் என்று கணக்குக் கிடையாது.

"மூஞ்சிய பாத்து குடுக்கறதெல்லாம் ஒரு யாவாரமாங்க?" என்று அவரைக் கிண்டல் செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. அந்தப் பூச்சமயத்தில் நான் அவரோடு மலைக்குப் போய், நாலு ஊர்களில் விசாரித்தேன். ஒரு காய்ப்புக்கு அச்சாரம் எவ்வளவு, மூன்று காய்ப்புக்கு இதே விலையை உறுதி செய்து எழுதிக் கொடுப்பதானால் எவ்வளவு? மூன்று காய்ப்பு என்பது அங்கே யாருக்கும் பழக்கமில்லை. ஒரு காய்ப்புக்குக் கேட்கிற தொகையோடு அதில் பாதியைச் சேர்த்துக் கேட்டார்கள், அவ்வளவுதான். அத்தனை வருஷம் அட்டவணை போட்டதில் அவ்வளவு மலிவை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து மரக்காரர்களின் ஊர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் கம்பெனிகளுக்குப் போடுகிற மாதிரியே எண்களைப் போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலிவிலும் மலிவாக வந்தவர் ஒன்பது மரம் வைத்திருந்த ஒரு மரக்காரர். என் கணவருக்கு ரொம்ப வருஷப் பழக்கம். அதிர்ந்து பேசாத ஆள். அவர் மகள் திருப்பத்தூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவர்கள் ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். முத்திரைத்தாளில் எழுதியதை என் கணவர் வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நடுவுல வெலை ஏறிச்சின்னா இன்னா பண்றதும்மா?"

"எறங்கிச்சின்னா நாங்கதானேண்ணா நட்டப்படுவோம்? ரெண்டும் சரியாப் போச்சி" என்றேன்.

அது பொய். இறங்கினால் எங்கள் நட்டம் அச்சாரத்தோடு நின்றுவிடும். ஏறினால் அவர் நட்டத்துக்கு எல்லையே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு வேலை பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார்.

முதல் காய்ப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது காய்ப்பில் மழை தப்பி, கீழ்நாட்டில் எங்குமே புளி இல்லாமல் போனது. மண்டி விலை இரண்டு மடங்கை நெருங்கியது. மலையில் அவர் ஊர்ப் பக்கம் மட்டும் மரங்கள் வளைந்து தொங்கின. என் அட்டவணை ஜெயித்துவிட்டது என்று குதித்தேன்.

உலுக்குவதற்கு ஒரு வாரம் முன்பு மரக்காரர் ஜீப்பில் இறங்கி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை சாமை. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மகளுக்கு இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்டவில்லை, கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் தருவார்களாம், பத்து நாள்தான் இருக்கிறது. எழுதிய விலைக்குக் கொடுத்தால் ஃபீஸுக்குப் போதாது, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வியாபாரி மண்டி விலைக்கே கேட்கிறான். இந்த ஒரு காய்ப்பை மட்டும் விட்டுக்கொடுத்தால் அச்சாரத்தை முழுசாகத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார்.

"இல்லாங்காட்டி, மேல எதனா போட்டுக் குடுங்க சாமி. ஃபீஸுக்கு ஆவுற மாதிரி."

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. "இன்னாமே, எதனா போட்டுக் குடுத்துட்லாமா?" என்றார். கேட்காமல் கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என்னைக் கேட்டதுதான் அவர் செய்த தப்பு. என்னைப் பெரிய கணக்குப்புலி ஆக்கி வைத்திருந்தார் அல்லவா.

"இதுக்கோசரம்தானே முன்னாடியே பணம் குடுத்தோம்?" என்றேன். பிறகு மரக்காரரிடம், நல்ல பிள்ளை மாதிரி குரலைத் தாழ்த்தி, "ஒரு வருசம் ஏறும், ஒரு வருசம் எறங்கும். எழுதினத மாத்தினா அப்புறம் எழுதினதுக்கு இன்னாண்ணா அர்த்தம்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அந்தச் சண்டையில் எதையாவது கொடுத்திருப்போமோ என்னவோ.

"சரிம்மா. எழுதினது எழுதினதுதான். போய்ட்டு வர்றேன்" என்றார். சாமைப் பையை எடுத்துக்கொண்டு போகவில்லை. மறுநாள் அதைத்தான் பொங்கினேன். நன்றாக இருந்தது.

உலுக்கப் போன அன்று அவர் ஊரில் இல்லை. வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. மலையில் ஆண்கள் கூட்டமாக வேனில் ஏறி ஆந்திரப் பக்கம் போனால் என்ன வேலை என்று இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். செம்மரம் வெட்டக் கூப்பிடுகிறவர்கள் முன்பணம் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப்போவார்கள். அவர் மனைவியிடமே பணத்தைக் கொடுத்து, எழுதிய விலைக்கு எடை போட்டு மூட்டைகளை ஏற்றினோம்.

அடுத்த வாரம் ஆம்புலன்ஸில் அவர் உடல் வந்தது. காட்டில் வனத்துறை ஆட்கள் விரட்டியபோது இருட்டில் ஓடிப் பாறையிலிருந்து விழுந்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் போகிற வரைக்கும்தான் சாலை. அதற்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் என் கணவரும் பின்னால் நடந்தோம். மகள் முந்தின நாள்தான் கடைசிப் பரீட்சை எழுதியிருந்தாள். வேன்காரன் கொடுத்த முன்பணத்தில் ஃபீஸைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு போனாராம்.

அன்று இரவு என் கணவர் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம். நான் அழவும் இல்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல அட்டவணையை அனுப்பினேன். வாங்குகிறவனுக்கு எது மலிவு என்று மட்டும்தான் அதில் இருக்கும். அந்த உரிமையை விற்றவன் வீட்டில் என்ன ஆனது என்று எந்த வாரமும் யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மூன்றாவது காய்ப்பு வந்தது. மண்டி விலை இன்னும் இறங்கவில்லை. முத்திரைத்தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு அன்றைய விலையையே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். இதை நான்தான் முதலில் சொன்னேன், அதில் ஒரு பெருமையும் எனக்கு இருந்தது. ஒன்பது மரமும் உலுக்கியாயிற்று. மகள் லீவில் வந்திருந்தாள், எடையை அவளே எழுதினாள். என் கணவர் பணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கி மகளிடம் கொடுத்தார். அவள் ஃபோனில் கணக்குப் பார்த்து, எண்ணி, ஏறக்குறைய பாதியைப் பிரித்து அம்மாவிடம் திருப்பித் தந்தாள். அவர் அதை என் முன்னால், மூட்டையின்மேல் வைத்தார்.

"எழுதினதுக்கு மேல கீதும்மா இது."

"இருக்கட்டும்க்கா. பொண்ணு படிப்புக்கு வெச்சிக்குங்க. தாள கிழிச்சிட்லாம்" என்றேன்.

"எதுக்குக் கிழிக்கணும்? அவரு கையெழுத்துப் போட்டது" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவரு வந்து கேட்டப்போ வேண்டியிருந்துது. இப்ப இன்னாத்துக்கு?"

மகள் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கணவர் பணத்தை எடுக்காமல் நின்றார். கடைசியில் நான்தான் எடுத்தேன். எழுதிய விலைக்கே ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.